பூவாங்குருந்தலும் கண்மையும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்துத் தொடங்குகிறது சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசன் இதனை உருவாக்கினார் என்பர். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை நடத்தி வருகின்றனர். இந்நகரின் திருமணங்களுக்கும் கோயில்களுக்கும் வேண்டிய மலர்களுள் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து வருகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மாற்றி வகுக்கப்படும்வரை தோவாளையும் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊரே. எல்லை மாறிய பின்னும் பூக்கள் வரும் வழி மாறவில்லை.

ஆனால் கண்ணுக்கு உரியதாக இங்குள்ள மக்கள் போற்றும் செடி எந்தச் சந்தையிலிருந்தும் வர வேண்டியதில்லை. மதிற்சுவரின் அடியிலும் தெருவோரத்திலும் வயல் வரப்பிலும் அது தானாகவே முளைக்கிறது. முழங்கால் உயரம் வளர்வதே அரிது. நுனியில் கடுகைவிடச் சற்றே பெரிய மொட்டுகள் கொத்தாக அரும்பி, இளம் ஊதா நிறத்தில் மலரும். பின்னர் அவை வெண்பஞ்சாக விரிந்து காற்றில் பறந்துபோகும். மலையாளத்தில் இதன் பெயர் பூவாங்குருன்னில, தமிழில் பூவாங்குருந்தல். தமிழில் 'ந்த' வரும் இடங்கள் பலவற்றில் மலையாளம் 'ன்ன' என்று ஒலிக்கும். தமிழர் 'வந்து' என்பதை மலையாளிகள் 'வன்னு' என்பதை இந்நகரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கின்றனர். அந்த ஒலிமாற்றமே இச்செடியின் பெயரிலும் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு நெய்ச்சட்டிக்கீரை என்னும் பெயரும் உண்டு.

கேரள மக்கள் தசபுஷ்பம், அதாவது பத்து மலர்கள், என்று போற்றும் தொகுப்பில் பூவாங்குருந்தலும் ஒன்று. மார்கழித் திருவாதிரை இரவில் பெண்கள் இவற்றைத் தலையில் சூடுவது இந்நாட்டு மரபு. பெயர்தான் பத்து மலர்களே ஒழிய, மக்கள் பறிப்பது பெரும்பாலும் இலையும் தண்டும் சேர்ந்த சிறு செடியையே. அறுகம்புல்லும் இப்பத்தில் அடங்கும். சிறுபூளை, விஷ்ணுகிராந்தி, நிலப்பனை, கரிசலாங்கண்ணி என்று தமிழர்க்கு நன்கு தெரிந்தவை பல. 'உழிஞ்ஞ' என்பது தமிழர் ரசம் வைத்து உண்ணும் முடக்கத்தான். கோட்டையை முற்றுகையிடும் வீரர் சூடிய உழிஞைப் பூ என்று தமிழிலக்கணம் கூறுவதும் இக்கொடியையே என்பர். ஒரு காலத்தில் போர்க்களத்துக்கு உரியதாக இருந்த பூ, இன்று திருவாதிரைப் பெண்களின் கூந்தலில் இருக்கிறது.

இப்பத்தில் இரண்டு செடிகள் கண்மைக்கு உரியவை. கேரளத்தில் பூவாங்குருந்தல்; தமிழ்நாட்டில் பெரும்பாலும் கரிசலாங்கண்ணி. செடி வேறாயினும் மை செய்யும் முறை ஒன்றே. செடியை நன்கு கழுவி இடித்துச் சாறு பிழிவர். தூய வெள்ளைப் பருத்தித் துணியை அச்சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்துவர். உலர்ந்தபின் மீண்டும் நனைப்பர். இவ்வாறு பலமுறை செய்தபின் அத்துணியைத் திரியாகத் திரித்து, நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய் அல்லது நெய் ஊற்றிய விளக்கில் இட்டு ஏற்றுவர். சுடருக்கு மேலே மண்சட்டி அல்லது வெண்கலத் தட்டு ஒன்றைச் சிறிது இடைவெளி விட்டுக் கவிழ்த்து வைப்பர். இரவு முழுவதும் எரிந்த விளக்கின் கரி அதன் அடியில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். விடிந்தபின் அதனைச் சுரண்டி எடுத்து, சிறிதளவு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சேர்த்துக் குழைத்து மைச்சிமிழில் அடைத்துக்கொள்வர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சாற்றில் நனைந்த துணியோ எரிந்து போயிற்று. அப்படியானால், மைக்குள் பூவாங்குருந்தல் எங்கே இருக்கிறது?

விடை சற்று ஏமாற்றம் தருவதே. எண்ணெய்க்குப் போதிய காற்றுக் கிடைக்காமல் அரைகுறையாக எரியும்போது அதிலுள்ள கார்பன் நுண்துகள்களாகப் பிரிந்து மேலெழுகிறது. சட்டியில் படியும் கரி அதுவே. செடியின் மருந்துப் பொருள்களில் பெரும்பாலானவை சுடரின் வெப்பத்தைத் தாங்க மாட்டா. உப்புகளோ சாம்பலாகத் திரியிலேயே தங்கிவிடும். ஆகவே மையின் கருமை பெரிதும் எண்ணெய் தந்தது. குளிர்ச்சி நெய்யும் ஆமணக்கெண்ணெயும் தந்தது. செடியின் பங்கு மிகச் சிறிதாகவே இருக்க இயலும். எனினும் அம்முறையை வீண் என்று தள்ளிவிட முடியாது. அதன் நன்மை வேறிடத்தில் இருந்தது. என்ன சேர்ந்தது என்பதை மை செய்தவர் அறிந்திருந்தார். பெயர் தெரியாத பொடி எதுவும் அச்சிமிழுக்குள் நுழைய வழியில்லை.

அவ்வாறு நுழைந்த பொடிகளுள் மிகக் கொடியது ஈயம். பண்டைய எகிப்தியர் கண்ணுக்கு இட்ட மையில் கலீனா என்னும் ஈயத் தாதுவை அரைத்துச் சேர்த்தனர். அத்தாது கறுத்து மின்னும், எளிதில் பொடியாகும். சுர்மா என்ற பெயரில் இன்று விற்கப்படும் பொடிகள் சிலவற்றிலும் அது இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் கண்டறிந்துள்ளன. கண்ணில் இட்டது கண்ணோடு நிற்பதில்லை. கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்கிற்குச் செல்லும் நுண்குழாய் வழியாகக் கண்ணீர் வடிந்து தொண்டைக்குச் சேர்கிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டவுடன் நாவில் கசப்புத் தெரிவது இதனாலேயே. குழந்தைகள் கண்ணைக் கசக்கிய கையை வாயிலும் வைப்பர். உடலுக்குள் சென்ற ஈயம் இரத்தத்தில் கலந்து, வளரும் மூளையைத் தாக்கும். படிப்பும் நினைவாற்றலும் குன்றும். வெளியே ஒரு புண்கூடத் தெரியாது. இந்தியாவில் 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2020இல் வகுக்கப்பட்ட அழகுசாதன விதிகள், நிறத்திற்காக ஈயச் சேர்மங்களையோ ஆர்செனிக் சேர்மங்களையோ சேர்ப்பதைத் தடை செய்கின்றன. அமெரிக்காவோ ஈய மையை அழகுசாதனங்களில் சேர்க்க இசைவே அளிப்பதில்லை. உற்பத்தியாளர் பெயரோ உரிம எண்ணோ இல்லாமல் திருவிழாக் கடைகளில் விற்கும் மைப்பொடியைக் காவல் காக்க எந்த விதியாலும் இயலாது.

பிறந்த குழந்தைக்கு மை இட்டால் கண் பெரிதாகும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. கண்ணின் அளவு பெற்றோர் வழியாக வருவது. மையால் அது மாறாது. குழந்தையின் இமைக்குள் விரலால் மை தீட்டும்போது நகம் படுவதும் கிருமி சேர்வதும் உண்டு. ஆதலால் மருத்துவர்கள் அதனை வேண்டாம் என்கின்றனர். கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு வேறு. கண்ணுக்குள் தீட்டும் மை வேறு.

பெரியவர்களும் பண்டைக் காலத்தில் விரலால் மை இட்டதாகத் தெரியவில்லை. அதற்கெனத் தனியே ஒரு கோல் இருந்தது. மை தீட்டும் நேரத்தில் அக்கோல் கண்ணுக்கே புலப்படுவதில்லை என்பதனைத் திருவள்ளுவர் காமத்துப்பாலில் ஓர் உவமையாக்கியுள்ளார் (குறள் 1285). கோலுக்குச் சலாகை என்றும் பெயர். ஆயுர்வேதத்தில் கண், காது, மூக்கு, தொண்டை நோய்களைக் கூறும் பிரிவு 'சாலாக்கியம்' எனப்படுவது இச்சொல்லின் அடியாகவே. 1889இல் தோன்றிய திருவனந்தபுரம் அரசு ஆயுர்வேதக் கல்லூரி போன்ற இடங்களில் மாணவர் இன்றும் இதனைத் தனிப்பாடமாகக் கற்கின்றனர்.

அப்பாடத்தில் கவனிக்கத்தக்க பாகுபாடு ஒன்று உண்டு. இமையின் உள்விளிம்பில் கோலால் தீட்டுவது அஞ்சனம். கண்ணைத் திறந்து துளியாக விடுவது ஆச்சியோதனம். மூடிய இமையின் வெளிப்புறத்தில், மயிர்களைத் தொடாமல், பற்றுப் போடுவது விடாலகம். ஒரே மூலிகையாயினும், எங்கே இடுவது என்பதற்கேற்ப அதனைப் பக்குவம் செய்யும் முறை மாறும். இமையின் மேலே இடத் தகுந்த பூ கண்ணுக்குள் இடவும் தகுந்தது என்று அவ்வைத்தியர் கருதவில்லை. இக்காலத்து விளம்பரங்கள் பலவும் மறப்பது இந்த வேறுபாட்டையே.

வீட்டு வைத்தியமும் அதனை மறப்பதுண்டு. நந்தியாவட்டைப் பூ அதற்குச் சான்று. தூய வெண்ணிறமான இப்பூ தென்னாட்டு வீட்டு முற்றங்களில் ஆண்டு முழுவதும் பூக்கிறது. இரவில் இதனை நீரில் ஊறவைத்து, விடியலில் அந்நீரால் கண் கழுவுவது பழைய வழக்கம். மூடிய இமைகளின் மேல் குளிர்ந்த பூவை ஒற்றிக்கொள்வதும் உண்டு. பின்னது இதமானதே. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் கண் குளிர்கிறது. வெள்ளரித் துண்டு செய்யும் வேலையும் அதுவே. முன்னதிலோ இடர் இருக்கிறது. இச்செடியின் காம்பைக் கிள்ளினால் பால் வடியும். அப்பால் கண்ணை உறுத்தும். மேலும், இரவெல்லாம் திறந்து கிடந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகியிருக்கும். கருவிழியின் முன்புறத்தை மூடியுள்ள கண்ணாடி போன்ற படலத்திற்கு இரத்தக் குழாய்களே இல்லை. ஒளி தடையின்றிப் புகுவதற்காக அமைந்த அமைப்பு அது. அதனால் அங்கே தொற்று ஏற்பட்டால் உடல் விரைந்து எதிர்க்க இயலாது. புண் ஆறினாலும் வெண்தழும்பு நிற்கும். அத்தழும்பு பார்வையை மறைக்கும். வயலில் நெல்லுமி பட்ட கண்ணுக்குப் பச்சிலைச் சாறு பிழிந்துவிட்டு, நாள்கள் கழிந்தபின் மருத்துவமனைக்கு வருவோரைத் தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றனர். பூவைக் குறைகூற வேண்டியதில்லை. கொதிக்க வைத்து வடிகட்டாத நீரே அங்கே பகைவன். மருத்துவர் தரும் கண் சொட்டு மருந்து கிருமி நீக்கி அடைக்கப்பட்டது. குப்பியைத் திறந்தபின் ஒரு மாதத்தில் அதனை எறிந்துவிடச் சொல்வதும் இக்காரணத்தாலேயே.

இமையின் வெளிப்புறத் தோலும் எளியதன்று. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் உள்ளது. அதன் தடிப்பு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் அங்கே குறைவாதலால் விரைவில் வறண்டு போகும். ஒரு நிமிடத்தில் பதினைந்து இருபது முறை இமைப்பதால் ஓயாமல் மடிந்து விரியும். உள்ளங்கை பொறுக்கும் பொருளை இமை பொறுக்காது.

இத்தகைய தோலுக்கென விற்கப்படும் பசைகளிலும் நீர்மங்களிலும் பூச்சாறுகள் இப்போது பெருகியுள்ளன. பூவின் சத்தை எடுக்கும் வழிகள் பல. நீரில் கரைவதை நீரில் ஊறவைத்தும், எண்ணெயில் கரைவதை எண்ணெயில் இட்டும் எடுப்பர். எளிதில் ஆவியாகும் மணப்பொருளை வாலை வடித்து எடுப்பர். தமிழர் திருமணங்களில் தெளிக்கும் பன்னீர் மூன்றாம் வகை. உத்தரப் பிரதேசத்தின் கன்னௌசி நகரில் ரோசா இதழ்களையும் நீரையும் செப்புக் கொப்பரையில் இட்டு மூடிக் காய்ச்சுகின்றனர். ஆவி மூங்கிற்குழாய் வழியாக நீர்த்தொட்டியில் அமர்ந்த மற்றொரு கலத்துக்குச் சென்று குளிர்ந்து நீராகிறது. அந்நீரில் மணம் உண்டு. ரோசாவின் நிறம் இல்லை. நிறப்பொருள் ஆவியாகாது கொப்பரையிலேயே தங்கிவிடுவதே காரணம். ஆக, 'ரோசாச் சாறு' என்னும் ஒரே பெயரில் வரும் இரண்டு பொருள்களுள் வெவ்வேறு சத்துகள் இருத்தல் கூடும். சடங்குக்கென விற்கும் பன்னீர் சிலவற்றில் செயற்கை மணம் கலந்த நீர் மட்டுமே இருக்கும். அது தெளிப்பதற்கு உரியது, முகத்திற்கு உரியதன்று.

சங்குப்பூவின் கதை இதற்கு நேர்மாறானது. அதில் மணம் இல்லை, நிறமே உண்டு. கேரளத்தில் சங்குபுஷ்பம் எனப்படும் இந்நீல மலரைச் சங்கப் புலவர் கருவிளை என்றனர்; பெண்களின் கண்ணுக்கு உவமையாகவும் கூறினர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் இதுவும் ஒன்று. இதன் நீலம் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் ஆனது. இந்நிறமி, செல்களைச் சிதைக்கும் தீவிர மூலக்கூறுகளைத் தணிக்க வல்லது என ஆய்வகங்களில் கண்டுள்ளதால் அழகுசாதனத் தொழில் இதனை நாடுகிறது. குடுவையில் கண்டது இமைத்தோலிலும் நிகழும் என்பதற்கு உறுதியில்லை. எனினும் இப்பூவைக் கொண்டு வகுப்பறையில் ஓர் உண்மையைக் காணலாம். ஐந்தாறு பூக்களைச் சுடுநீரில் இட்டால் நீர் நீலமாகும். அதனை மூன்று குவளைகளில் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, இரண்டாவதில் எலுமிச்சைச் சாறும் மூன்றாவதில் சமையல் சோடாவும் சேர்த்தால், இரண்டாவது செவ்வூதாவாகவும் மூன்றாவது பசுமை கலந்த நிறமாகவும் மாறும். அமிலத் தன்மையும் காரத் தன்மையும் மாறும்போது அப்பொருளின் மூலக்கூறு அமைப்பே மாறுகிறது என்பதற்கு இது கண்கண்ட சான்று. கண்ணீர் ஏறத்தாழ நடுநிலையானது, அதன் பி.எச். அளவு 7.4க்கு அருகில் இருக்கும். தோலின் மேற்பரப்போ 5ஐ ஒட்டிய மென்மையான அமிலத் தன்மை உடையது. சவர்க்காரம் கன்னத்தில் எரியாமல் கண்ணில் மட்டும் எரிவதன் காரணங்களுள் இவ்வேறுபாடும் ஒன்று. இமையோரத்திற்குப் பசை செய்வோர் தோலையும் கண்ணீரையும் ஒருங்கே கருத வேண்டியிருக்கிறது.

ஐரோப்பியரும் பூவைக் கொண்டு கண்ணைப் பேணியவரே. பிரெஞ்சு நாட்டில் வயல்களில் பூக்கும் ஒரு நீலப் பூவை வாலை வடித்த நீருக்கு 'மூக்குக் கண்ணாடியை உடைக்கும் நீர்' என்றே பெயர் வைத்தனர். கண்ணாடியே வேண்டாதபடி பார்வை தெளியும் என்பது அப்பெயரின் உட்கருத்து. பார்வைக் குறை விழியின் வடிவத்தைப் பொறுத்தது. ஆதலால் பூநீர் எதுவும் கண்ணாடியை உடைக்கவில்லை. அந்நாடுகளில் சீமைச்சாமந்தித் தேநீரால் கண் கழுவிய சிலர்க்குக் கண் சிவந்து வீங்கியதை மருத்துவர் பதிவு செய்துள்ளனர். சீமைச்சாமந்தி, பிரெஞ்சு நாட்டு நீலப் பூ, கரிசலாங்கண்ணி, பூவாங்குருந்தல் ஆகிய நான்கும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது வியப்பளிக்கும் செய்தி. அக்குடும்பத்து மகரந்தம் ஒவ்வாதவர்க்கு அதன் பூச்சாறும் ஒவ்வாமற் போகலாம். ஆகவே புதிய பசை எதனையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தபின் இமையருகே கொண்டு செல்வதே தோல் மருத்துவர் கூறும் வழி.

கண்ணுக்குக் கீழே படரும் கருவளையத்தைப் பூச்சாறு நீக்கும் என்ற விளம்பரம் பள்ளிப் பிள்ளைகளையும் இப்போது எட்டுகிறது. மெல்லிய தோலின் வழியாக அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் தெரிவதும், பெற்றோர் வழி வந்த நிறமும், உறக்கக் குறைவும், எலும்புக் குழியின் நிழலும் கருவளையத்திற்குக் காரணங்கள். ஈரப்பசை காக்கும் பசை தோலின் வறட்சியைத் தீர்க்கும். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த நிறத்தை எப்பூவாலும் மாற்ற இயலாது. மாற்ற வேண்டிய குறையும் அதில் இல்லை.

வாங்குவோர் பூவின் படத்தைப் பார்ப்பதைவிடப் பெட்டியின் பின்புறத்தைப் பார்ப்பது பயன் தரும். அங்கே மூலப்பொருள்களின் பட்டியல் சிறிய எழுத்தில் இருக்கும். அளவில் மிகுந்தது முதலிலும் குறைந்தது பின்னும் வரும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்தவை இறுதியில் எவ்வரிசையிலும் இருக்கலாம். முகப்பில் பெரிதாக மலர்ந்த பூ, பட்டியலில் பெரும்பாலும் கடைசி வரியில் ஒதுங்கியிருக்கும். முதலில் நிற்பது நீர். பட்டியலுக்கு அருகே, மூடி திறந்த சிறு குப்பி ஒன்றின் படமும் அதனுள் ஓர் எண்ணும் சில பெட்டிகளில் காணப்படும். 6 என்றிருந்தால், திறந்த நாளிலிருந்து ஆறு மாதங்கள் என்பது பொருள். அதன்பின் அப்பொருள் கண்ணருகே செல்லத் தகாது. மைக்குப்பியானாலும், சந்தனப் பேழையில் வந்த விலையுயர்ந்த பசையானாலும், கணக்கு ஒன்றே.